பெனுவா சென் டெனி உண்மையில் மாறிவிட்டாரா, இல்லை ஆள் பார்த்து வெல்கிறாரா?

கோண்டாவில் பெடியன்:

வணக்கம். இங்கே யூ.எஃப்.சி (கூண்டுக்குள் நடக்கிற கலப்புச் சண்டைப் போட்டி) பார்க்கிற ஆக்கள் கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதுதான் கேட்கிறேன். லைட்வெயிட்டில், அதாவது 70 கிலோ பிரிவில், பிரான்ஸ்காரர் பெனுவா சென் டெனியை 2023இல் இருந்து விடாமல் பார்த்துக்கொண்டு வருகிறேன். அந்த நவம்பரில் நியூயோர்க்கில் மாட் ஃப்ரெவோலாவுக்கு இடது காலால் தலையில் ஒன்று விட்டார் பாருங்கள், முதல் சுற்று தொடங்கி ஒன்றரை நிமிடம்தான், ஆள் கிடையாகக் கிடந்தான். அதோடு பிடித்துப் போய்விட்டது. அப்புறம் 2024 முழுக்க அடிதான். மார்ச்சில் மியாமியில் டஸ்டின் பொரியேயிடம் நொக் அவுட், செப்டெம்பரில் பரிஸில் சொந்தச் சனத்துக்கு முன்னால் ரெனாட்டோ மொய்கானோவிடம் தோல்வி. சரி, ஆள் முடிந்தான் என்று நினைத்தால் 2025இல் மூன்று சண்டை, மூன்றையும் நடுவர்களின் புள்ளித் தீர்ப்புக்கு விடாமல் முடித்தார். கடைசியாக நவம்பரில் பெனீல் தாரியுஷை 16 வினாடியில். ஞாயிறு காலை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இருக்க முதலே முடிந்துவிட்டது.

என் மச்சான் சொல்கிறான், இந்த ஆளுக்கு முன்னுக்குப் போக மட்டும்தான் தெரியும், தரவரிசையில் முதல் ஐந்துக்குள் இருக்கிற ஒருவன் வந்தால் திரும்பவும் முகம் கிழியும் என்று. எனக்கு என்னவோ ஆட்டம் மாறின மாதிரித் தெரிகிறது, ஆனால் எது மாறியது என்று கேட்டால் வாய் அடைக்கிறது. நுட்பம் தெரிந்த யாராவது வந்து சொல்லுங்கள்.

லாச்சப்பல் வாசி:

தம்பி, மொய்கானோ சண்டை அன்று நான் பரிஸ் பெர்சி அரங்கில்தான் இருந்தேன், மேல் தட்டில், ரிக்கெட் விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். உங்களுக்கு அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும், பிரான்ஸில் 2020 ஜனவரி வரைக்கும் எம்.எம்.ஏ என்ற இந்தக் கலப்புச் சண்டைப் போட்டிக்கே அனுமதி இல்லை. யூ.எஃப்.சி முதல் தடவை பரிஸுக்கு வந்ததே 2022 செப்டெம்பரில். அன்று சென் டெனி கேப்ரியல் மிராண்டாவை வென்றார், அடுத்த வருசம் அதே பெர்சியில் தியாகோ மொய்ஸேஸை. இரண்டுமே இரண்டாம் சுற்றில் அடித்து முடித்தது. ஆகவே மூன்றாவது தடவை சனம் வந்தது சண்டை பார்க்க இல்லை, கொண்டாட. மணி அடித்த கையோடு மொய்கானோ அவரைத் தூக்கிக் கீழே போட்டு மேலே ஏறி முழங்கையால் இடிக்கத் தொடங்கினான். பெரிய திரையில் முகத்தைக் காட்டும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரப் பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டது. இரண்டாம் சுற்றில் எழும்பி நின்று நன்றாகத்தான் திருப்பிக் கொடுத்தார், ஆனால் ஒரு கண் முழுக்க மூடிவிட்டது, சுற்று முடிந்ததும் வைத்தியர் பார்த்துவிட்டுப் போதும் என்றார்.

இன்னொன்று, ஆள் பரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிற சென் டெனி ஊர்க்காரர் இல்லை, நீம் நகரத்தில் பிறந்தவர். இங்கே எங்கள் சனம் பாதிப் பேர் தங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்துக் கைதட்டுது.

தட்டாதெரு ஜூடோ:

நான் பள்ளிக்கூடக் காலத்தில் ஜூடோ செய்தவன், இப்போதும் பின்னேரத்தில் சின்னப் பெடியளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சென் டெனியும் சிறுவயதில் ஜூடோவில் தொடங்கியவர்தான், அதனால் ஒரு கண் எப்போதும் அவர் மேல் உண்டு.

மாறியது என்ன என்று கேட்டால் முதல் சண்டையில் இருந்து பார்க்க வேணும். 2021 ஒக்டோபர், அபுதாபி, எலிசெயு சலெஸ்கி என்ற பிரேசில்காரனோடு. அது லைட்வெயிட் இல்லை, ஒரு படி மேலே, 77 கிலோ. இரண்டாம் சுற்றில் வாங்கின அடியைப் போட்டுப் பாருங்கள், கூண்டோடு சாய்ந்தபடி, கை தூக்க முடியாமல், ஆனால் விழமாட்டேன் என்று நிற்கிறார். மத்தியஸ்தர் நிறுத்தவே இல்லை. மூலையில் இருந்த அவருடைய பயிற்சியாளர்களும் போதும் என்று துவாயை எறியவில்லை. மூன்று சுற்றும் முடிந்து புள்ளியில் தோற்றார், அந்த மத்தியஸ்தரை அன்றைக்கு மிச்சச் சண்டைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். பலர் இதைக் காட்டி 'என்ன நெஞ்சுரம்' என்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வரும். தலையை அசைக்கத் தெரியாத ஒருவனுக்குத் தாங்கும் சக்தியும் இருந்தால் அது ஆபத்து, தாங்கித் தாங்கியே பழகிவிடுவான்.

பிறகு 70 கிலோவுக்கு இறங்கினார். அடுத்தடுத்து ஐந்து வெற்றி, ஐந்தும் தீர்ப்புக்குப் போகாதவை. அந்த ஓட்டத்தில் பழைய பிழை மறைந்து கிடந்தது, போகவில்லை. பொரியே சண்டையில் வெளியே வந்தது. முதல் சுற்று முழுக்க இவர் கைதான் மேலே, பொரியே கில்லட்டின் (கழுத்தைக் கையால் இறுக்குகிற பிடி) பிடிக்கப் பாய்ந்து பாய்ந்து தானே கீழே போய் விழுந்துகொண்டிருந்தான், அவனுடைய பயிற்சியாளரே வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் இரண்டாம் சுற்றில் கவனியுங்கள். இவர் இடது கையை விட்டுவிட்டுத் தலையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பொரியேயும் இவரைப் போல இடது கையைப் பின்னால் வைத்து நிற்கிறவன், முன்னால் இருக்கிற வலது கையால் கொக்கி மாதிரி வளைத்து ஒரு குத்து போடுகிறான். முடிந்தது.

2025இல் செய்ததும் அதே முன்னுக்குப் போகிற வேலைதான். ஆனால் குத்திக்கொண்டு போகாமல் பிடிக்கப் போகிறார். செப்டெம்பரில் பரிஸில் மவுரிசியோ ருஃபி, காலால் அடித்தே ஆக்களைத் தூங்க வைக்கிற பிரேசில்காரன். பழைய சென் டெனி என்றால் அவனோடு மாறி மாறி உதைத்துப் பார்த்திருப்பார். அன்று அப்படி இல்லை, தூரத்தைக் கெதியாகக் குறைத்து, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, இடுப்பைக் கட்டிக் கீழே கொண்டு போனார், எழும்பினால் திரும்பவும் கொண்டு போனார். இரண்டாம் சுற்றில் முதுகுப் பக்கம் ஏறி இறுக்கி, தோல்வியை ஒப்புக்கொண்டு தட்ட வைத்தார். ஒட்டிவிட்டால் தலைக்கு அடி வராது, அவ்வளவுதான் சூத்திரம். எங்கள் பெடியளுக்கும் நான் இதைத்தான் சொல்வது, ஒன்றில் முழுக்க வெளியே நில், இல்லை முழுக்க உள்ளே போ, நடுவில் நிற்காதே.

தாரியுஷ் சண்டையை நான் கணக்கில் எடுக்கவில்லை. 16 வினாடியில் ஒருவன் மாறினானா என்று எப்படிச் சொல்வது?

பழைய பூங்கா:

நுட்பம் எல்லாம் சரி. பொரியே சண்டைக்கு முதல் உடம்பில் ஸ்டாஃப் என்ற பக்டீரியாத் தொற்று இருந்தது, அன்டிபயோட்டிக் எடுத்துக்கொண்டு போனேன் என்று பிறகு சொன்னார், அதையும் ஒருவரும் எழுதவில்லை. நொண்டிச் சாட்டு என்று சொல்வீர்கள், ஐந்து சுற்றுச் சண்டைக்கு அப்படிப் போனால் மூச்சு எங்கே இருக்கும்.

எனக்கு அவரோடு பிரச்சினை வேறு. ஒவ்வொரு தடவையும் பிரெஞ்சு விசேட படையில் இருந்தவர், ஆப்பிரிக்காவில் சண்டை பிடித்தவர், போரின் கடவுள் என்று பட்டப்பெயர் வேறு, அந்த அறிமுகப் படம் ஓடத் தொடங்கினால் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். எங்கள் ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்த்துப் புல்லரிக்க என்னால் முடியாது. கூண்டுக்குள் வந்த பிறகு பார்ப்பேன்.

லாச்சப்பல் வாசி:

பழைய பூங்கா அண்ணை, விளங்குது. இங்கே அதுதான் அவரை விற்கிற வழி, ரிவியில் சண்டையைவிட இராணுவக் கதைதான் அதிகம்.

கோண்டாவில் பெடியனின் மச்சான்:

நான்தான் அந்த மச்சான், லிங்கை அனுப்பிவிட்டு என்னைப் பற்றியே எழுதியிருக்கிறான். ஜூடோ அண்ணை சொன்னது எல்லாம் மெய்தான், ஆனால் யாரை வென்றார் என்று பாருங்கள். மே மாதம் மொன்ட்ரியலில் வென்ற கைல் பிரெபொலெக் கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்தவன். ருஃபிக்குத் தரையில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தாரியுஷுக்கு அப்போதே 36 வயது. இதே எடையில் 2025இல் சம்பியன் ஆன இலியா தொபூரியா, அவனும் ஐரோப்பாக்காரன்தான், முன்னாள் சம்பியன் ஒலிவேராவை முதல் சுற்றிலேயே விழுத்தினவன். அவனை இடுப்பைப் பிடித்துக் கட்டிக் கொண்டு போகலாம் என்கிறீர்களா? உள்ளே வரும்போதே ஒன்று கொடுப்பான்.

தட்டாதெரு ஜூடோ:

தம்பி, தாரியுஷுக்கு வயது போனது உண்மை, ஆனால் அதே தாரியுஷ் 2025 ஜூனில் மொய்கானோவைப் புள்ளியில் வென்றவன், சென் டெனியைக் கிழித்த அதே மொய்கானோவை. கிழவன் என்று தள்ளிவிட முடியாது. தொபூரியா விசயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், இன்றைக்கு வைத்தால் சென் டெனி தோற்பார், உள்ளே நுழையிற அந்த அரை வினாடியில் தலை இன்னும் நேராகத்தான் வருகிறது, ருஃபிக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். சம்பியன் பட்டம் வருமா என்று கேட்டால் சந்தேகம், முதல் ஐந்து என்றால் ஓம்.

அடுத்த சண்டையைப் பார்க்கிறபோது கையைப் பார்க்காதீர்கள். இடது காலால் விலாவுக்கு உதைத்த பிறகு அந்தக் காலை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். பின்னால் கொண்டு போய் வைத்தால் பழையபடி குத்தப் போகிறார். முன்னால் வைத்தால் பிடிக்கப் போகிறார்.

கோண்டாவில் பெடியன்:

நன்றி அண்ணை, இது போதும். மச்சான், ருஃபி சண்டையைத் திரும்பப் போடப் போகிறேன், இரவைக்கு வீட்டுப் பக்கம் வா, டேட்டா உன்னுடையது.