ஏட்னாவின் 62 நிமிடங்கள்: எந்தக் கடிகாரத்தில் அளந்தார்கள்?

கணக்குப்பிள்ளை:
அமைதிப்பூங்கா அம்மையார் நேற்று இந்த இணைய மன்றத்தில் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்: "தினமும் பத்து நிமிடம் மூச்சைக் கவனித்து அமர்ந்தால் ஒவ்வோர் ஊழியரும் வாரத்துக்கு 62 நிமிட வேலையைக் கூடுதலாகச் செய்வார் என்பதை அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏட்னா நிரூபித்துவிட்டது. இனியும் இந்த மைண்ட்ஃபுல்னஸ் தியானத்தை ஐயப்படுபவர்கள் பழைமைவாதிகள்." பட்டத்துக்கு நன்றி. உள்தணிக்கையிலேயே தலை நரைத்தவன் என்பதால் 'நிரூபித்துவிட்டது' என்று எவராவது எழுதினால் எனக்கு வவுச்சர் கேட்கத் தோன்றும். இந்த 62, 2015இல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு கட்டுரையின் வழியாக ஊரெல்லாம் பரவியது. அந்த நிமிடங்களை ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 3,000 டாலர் என்று மதிப்பிட்டதும் அதே நிறுவனம்தான். தலைவருக்குப் பிடித்த திட்டத்துக்கு அவருடைய நிறுவனமே மதிப்பெண் போடும்போது அது குறைவாகப் போட்டு நான் பார்த்ததில்லை. போகட்டும், எண்ணை அப்படியே ஒப்புக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. பத்து நிமிடம் வீதம் வாரத்தில் ஐந்து நாளுக்கு 50 நிமிடம் செலவு; 62இல் அதைக் கழித்தால் மீதி 12. இந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகவா பயிற்றுநர், பாய், மணி, செயலிச் சந்தா? எந்தக் கடிகாரத்தில் அளந்தார்கள் என்று மட்டும் சொன்னால் போதும், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

அமைதிப்பூங்கா:
ஐயா, தாங்கள் ஒதுங்கிக்கொண்ட இழை ஒன்றைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. ஆயினும் பதில் சொல்கிறேன். ஏட்னாவின் தலைவராக இருந்த மார்க் பெர்டோலினி 2004இல் பனிச்சறுக்கு விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, தீராத நரம்பு வலியோடு வாழ்ந்து, யோகத்தாலும் தியானத்தாலும் தேறியவர். தாம் கண்ட பலனை ஊழியர்களுக்கும் கொடுக்க நினைத்தது குற்றமா? அவர்களுடைய 50,000 ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் குறைந்தது ஒரு வகுப்பிலாவது கலந்துகொண்டார்கள். மன அழுத்தம் 28 சதவீதம் குறைந்ததாகவும் தூக்கம் 20 சதவீதம் மேம்பட்டதாகவும் தாங்கள் குறிப்பிடும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு 62ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அந்த எண், செலவான நேரம் போக மிஞ்சிய நிகரம் என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பல நிறுவனங்களில் பயிற்சி அளித்துவரும் எனக்கு, நன்றாகத் தூங்கி வருபவர் நன்றாக வேலை செய்வார் என்பதை நிரூபிக்க வவுச்சர் தேவைப்பட்டதில்லை.

கணக்குப்பிள்ளை:
"என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன்" என்பதை எந்தப் பேரேட்டில் பதிவது? நிகரமா, மொத்தமா என்பதுகூடத் தெரியாத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எங்களைப் பழைமைவாதிகள் என்று ஏசியிருக்கிறீர்கள். 2012இல் வெளியான ஏட்னா ஆய்வையும் எடுத்துப் பார்த்தேன். முன்வந்த 239 ஊழியர்களை யோகக் குழு, மைண்ட்ஃபுல்னஸ் குழு, எதுவும் செய்யாத குழு என்று பிரித்து 12 வாரம் நடத்தியிருக்கிறார்கள். மன அழுத்தம் குறைந்தது, தூக்கம் கூடியது, இதயத்துடிப்பின் ஒரு குறியீடு சீரானது என்று அதன் சுருக்கம் சொல்கிறது. 62 அந்தச் சுருக்கத்தில் இல்லை. மேலும், தாமாகக் கையைத் தூக்கி முன்வந்தவர்களை வைத்து நடத்திய சோதனை அது. வேண்டாம் என்று இருக்கையிலேயே இருந்துவிட்டவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பழைய நிரலர்:
கணக்குப்பிள்ளை ஐயா தணிக்கையில் புலியாக இருக்கலாம், ஆய்வு முறையில் கொஞ்சம் நிதானிக்கட்டும். அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களும் முன்வந்தவர்கள்தாம்; மூன்று வகையாரையும் சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தார்கள். ஆகவே ஆர்வமுள்ளவர்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டார்கள் என்று குறை சொல்ல முடியாது. உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவினருக்கு அளவீடுகளைத் தவிர வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை. வாரந்தோறும் கூடி உட்கார்ந்து பேசியதால் வந்த பலன் எது, மூச்சைக் கவனித்ததால் வந்த பலன் எது என்று பிரிக்க அதனால் வழியில்லை.

கணக்குப்பிள்ளை:
நானும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னேன்.

பழைய நிரலர்:
அதைச் சொல்லவில்லை. மேலே ஏறிப் போய்ப் படியுங்கள்.

மூன்றாம் ஷிஃப்ட்:
பெரியவர்கள் சண்டைக்கு நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்கள் தளத்தில் இரவு இரண்டரை மணிக்கு விளக்கைப் பாதி அணைத்து, ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் "உங்கள் தோள்களைத் தளர்த்துங்கள்" என்று சொல்லத் தொடங்கும். அதே நேரத்தில் சுவரில் உள்ள பெரிய திரையில், காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை பச்சையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் மாறிக்கொண்டிருக்கும். கண்ணை மூடினாலும் அந்தச் சிவப்பு தெரியும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அழைப்பை ஏற்காத நேரத்துக்குக் காரணம் காட்டிக் கணினியில் பதியும் ஆக்ஸ் கோடு தியானத்துக்கென்று தனியாகக் கிடையாது என்பதால் எல்லோரும் 'சொந்த வேலை' என்ற கோடைப் போட்டுவிட்டுத்தான் அமர வேண்டும், அது எங்கள் தேநீர் இடைவேளையில் கழிந்துவிடும். மாதக் கடைசியில் டீம் லீடர் அந்தக் கோடைக் காட்டி "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பார். ஐம்பதைக் கழித்துப் பன்னிரண்டு என்று ஐயா போட்ட கணக்கில், அந்த ஐம்பது யாருடைய பையிலிருந்து போகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, நீர்தான் இந்த இழையில் முதன்முதலாக வவுச்சரோடு வந்திருக்கிறீர். நிமிடம் நிறுவனத்தின் வரவாகவும் ஊழியரின் செலவாகவும் ஒரே நேரத்தில் பதிவாகிறது. இந்த இரட்டைப் பதிவை அமைதிப்பூங்கா அம்மையார் எப்படி நேர்செய்யப் போகிறார் என்று காத்திருக்கிறேன்.

அமைதிப்பூங்கா:
தம்பி சொல்வது பயிற்சியின் குறையில்லை, அதை நடத்திய மேலாளரின் குறை. நாங்கள் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதல் நிபந்தனையாக அது வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், இடைவேளையைத் தொடக்கூடாது என்றும் எழுதி வாங்கிக்கொள்கிறோம். கூகுளில் 2007 முதலே ஓர் உள்பயிற்சி நடந்தது; அதைத் தொடங்கிய சாட்-மெங் டான் ஒரு பொறியாளர், சாமியார் அல்லர். நிமிடத்துக்கு நிமிடம் எண்ணும் பொறியாளர்களே ஏற்றுக்கொண்ட ஒன்றை நம்மவர்கள் ஏளனம் செய்வதில் எனக்கு வியப்பில்லை. இன்னொன்றையும் கேட்க வேண்டும். பொமொடோரோ முறையைப் பற்றிய இழையில், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்து 25 நிமிடம் வேலை செய்தால் உலகமே மாறிவிடும் என்று நாள்கணக்கில் எழுதியவர் யார்? அன்று எந்த வவுச்சரை இணைத்தீர்கள், ஐயா?

கணக்குப்பிள்ளை:
தக்காளியை இங்கே உருட்ட வேண்டாம். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது தமக்கென்று செய்துகொண்ட ஏற்பாடு அது. அதை நான் பரிந்துரைத்தேன், யாருக்கும் டாலர் மதிப்புப் போட்டு விற்கவில்லை. வாரத்துக்கு இத்தனை நிமிடம் மிச்சம் என்று ஓர் இடத்திலாவது நான் எழுதியிருந்தால் எடுத்துக் காட்டுங்கள்.

பழைய நிரலர்:
"வேலை இரட்டிப்பாகும்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதை மறுத்ததற்காக என்னை 'கவனச்சிதறலின் காவலர்' என்று அழைத்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அது உவமை.

தம்மவழி:
இவ்வளவு நேரமும் பொறுமையாகப் படித்தேன். விபஸ்ஸனா என்னும் பௌத்தத் தியான முகாமில் பத்து நாள் மௌனமாக அமர்ந்து எழுந்தவர்களுக்கு இந்த விவாதமே வேடிக்கையாக இருக்கும். ஒரு வரலாறு சொல்கிறேன். பின்னாளில் விபஸ்ஸனாவைப் பரப்பிய சத்திய நாராயண கோயங்கா 1955இல் தீராத ஒற்றைத் தலைவலியோடு ரங்கூனில் தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கின்னிடம் போனபோது, தலைவலியைப் போக்கிக்கொள்வதற்காக வராதே, அது இந்த வழியின் மதிப்பைக் குறைப்பது என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. தலைவலிக்கே அந்தப் பதில் என்றால், வாரத்துக்கு 62 நிமிடம் வேண்டும் என்று போய் நிற்பவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்று நீங்களே ஊகியுங்கள். ஆனால் பலனே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஊ பா கின் துறவி அல்லர். பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று அந்நாட்டின் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்ற குடும்பஸ்தர். தம் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்கு விபஸ்ஸனா கற்பித்தார், ஒரே காலத்தில் பல அரசுத் துறைகளை நிர்வகித்தார், கையூட்டுக்கு இடம் கொடுக்காதவர் என்று பெயர் பெற்றார். அலுவலகமும் தியானமும் சேராது என்பவர்கள் அவரைப் படிக்கலாம். பத்து நிமிடச் செயலி விற்பவர்களும் படிக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
எங்கள் துறைக்காரர் என்பதால் ஊ பா கின் அவர்களுக்கு ஒரு வணக்கம். ஆனால் தலைமைக் கணக்காயரே தியான ஆசிரியராகவும் இருக்கும் அலுவலகத்தில், முழங்கால் வலிக்கிறது என்று எழுந்து போக எந்த எழுத்தருக்குத் துணிவு வரும்? அந்த அலுவலகம் ஒழுங்காக நடந்தது தியானத்தாலா, கையூட்டு வாங்கினால் சும்மா விடாத அதிகாரி மேலே உட்கார்ந்திருந்ததாலா? பிரித்துக் காட்ட முடியாதல்லவா. பழைய நிரலர் ஏட்னாவில் கண்டுபிடித்த அதே ஓட்டைதான் ரங்கூனிலும் இருக்கிறது.

தம்மவழி:
அங்கே யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. அறியாமல் பேச வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
கட்டாயம் என்ற சொல்லை நான் எழுதவில்லை. துணிவு என்றுதான் எழுதினேன்.

பழைய நிரலர்:
62ஐச் சற்று விட்டுவிட்டு, வேறொன்றைப் பாருங்கள். 2018இல் ஆண்ட்ரூ ஹாஃபென்பிராக், கேத்லீன் வோஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பதினைந்து நிமிட ஒலிப்பதிவைக் கேட்டுத் தியானம் செய்தவர்களுக்கு அடுத்துச் செய்யவேண்டிய வேலையின் மீதிருந்த ஊக்கம் குறைந்தது. வேலையின் தரமோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருக்கும் நொடியில் நிறைவு கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த காலாண்டு இலக்கை நோக்கி ஓடு என்றால் மனம் எப்படி ஓடும்? அதற்கு முன்பே, 2014இல், 47 சோதனைகளையும் 3,515 பேரையும் உள்ளடக்கிய ஒரு பெருந்தொகுப்பு ஆய்வு ஜாமா என்னும் அமெரிக்க மருத்துவ இதழ்களில் ஒன்றில் வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தியானத்தால் ஓரளவு பலன் உண்டு என்ற அது, கவனம் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. வேலைக்காக விற்கப்படுவதோ அந்தக் கவனம்தான்.

அமைதிப்பூங்கா:
பதினைந்து நிமிட ஒலிப்பதிவு ஒரு பயிற்சியா? அதற்கு முன் அமர்ந்தே பழகாதவர்களுக்கு ஒரே ஒருமுறை காதில் குரலை ஓடவிட்டு, ஊக்கம் குறைந்துவிட்டது என்று அறிவிப்பது நியாயமில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் 1979இல் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் திட்டமே எட்டு வாரம். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு 45 நிமிடம் வீட்டில் செய்ய வேண்டும். அதைச் செய்தவர்களை அளந்துவிட்டு வாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆய்வாளர்கள் பதினைந்து நிமிடத்தை வைத்து அளந்தால் 'அது பயிற்சியா?' என்று கேட்பவர், நேற்றுவரை பத்து நிமிடத்தை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சரி, 45 நிமிடம் என்றே கொள்வோம். ஆறு நாளுக்கு 270 நிமிடம். 270 கொடுத்து 62 வாங்கச் சொல்கிறீர்கள். முன்பு பன்னிரண்டாவது மிஞ்சியது, இப்போது 208 நிமிடம் பற்றில் நிற்கிறது.

அமைதிப்பூங்கா:
கபாட்-ஜின்னின் 45ஐயும் ஏட்னாவின் 62ஐயும் ஒரே கணக்கில் கழிக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு திட்டங்கள், வெவ்வேறு மனிதர்கள். கபாட்-ஜின் நாட்பட்ட நோயாளிகளுக்காகத் தொடங்கினார். வீட்டில் செலவிடும் நேரம் அவர்களுடைய வாழ்க்கைக்கானது, அலுவலகத்துக்கானது அன்று. கணக்கு தெரியும் என்பதாலேயே எதை எதிலிருந்து கழிப்பது என்று தெரிந்துவிடாது.

கணக்குப்பிள்ளை:
வெவ்வேறு திட்டம் என்றால், ஏட்னாவின் வகுப்புகளுக்குச் சொன்ன எண்ணைத் தங்கள் பத்து நிமிடப் பயிற்சிக்கு ஒட்டியவர் யார் அம்மையீர்? நானா?

மூன்றாம் ஷிஃப்ட்:
அந்த 270 நிமிடத்துக்கு எந்த ஆக்ஸ் கோடு போடுவது என்று இரண்டு தரப்பில் யாராவது சொல்லுங்கள்.

பழைய நிரலர்:
தம்பிக்காக ஒன்று. 2024இல் ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்தார். மைண்ட்ஃபுல்னஸ், மனவலிமைப் பயிற்சி, நலச் செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்களின் நலம், கலந்துகொள்ளாதவர்களைவிட மேலாக இல்லை. தொண்டுப்பணி மட்டுமே சற்று விலக்காக நின்றது. ஷிஃப்ட் நேரத்தையும் ஆள் பற்றாக்குறையையும் தொடாமல் தோளைத் தளர்த்தச் சொன்னால் இதற்கு மேல் என்ன கிடைக்கும்?

அமைதிப்பூங்கா:
அது சோதனை அன்று, கருத்தாய்வு. ஏற்கெனவே சோர்ந்துபோனவர்கள்தாம் இத்தகைய வகுப்புகளைத் தேடி வருகிறார்கள் என்றால் வித்தியாசம் தெரியாமல்தான் போகும். குலுக்கிப் பிரிக்காததைக் குறை சொன்ன அதே வாயால் குலுக்காத ஆய்வைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்.

பழைய நிரலர்:
நான் குறை சொன்னது ஒப்பீட்டுக் குழுவைப் பற்றி. குலுக்கலைக் குறை சொன்னவர் கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை:
குலுக்கலை நான் எந்த இடத்திலும் குறை சொல்லவில்லை. கையைத் தூக்கியவர்களைப் பற்றித்தான் சொன்னேன். அதைவிட, தூக்கத்தையும் வலியையும் சதவீதத்தில் சொன்ன கட்டுரை, வேலையை மட்டும் ஏன் நிமிடத்தில் சொன்னது என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. சதவீதத்தைப் பணமாக்க முடியாது, நிமிடத்தைச் சம்பளத்தால் பெருக்கிவிடலாம். ஆண்டுக்கு 52 வாரம் என்று கொண்டால் 62 நிமிடம் ஏறக்குறைய 54 மணி நேரம். 3,000 டாலரை அதால் வகுத்தால் மணிக்கு 55 டாலருக்கு மேல் வருகிறது. அதே பெர்டோலினி 2015 ஜனவரியில் தம் நிறுவனத்தின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 16 டாலராக உயர்த்துவதாக அறிவித்தார். அந்த 16 டாலர்காரர் கண்ணை மூடினாலும் மணிக்கு 55 டாலரா? அமைதிப்பூங்கா அம்மையார் விடை எழுதட்டும், தக்காளியைக் கொண்டுவராமல்.

அமைதிப்பூங்கா:
சராசரி என்றால் என்னவென்று தணிக்கையாளருக்கு நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. நாளை காலை எனக்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. அது முடிந்ததும் வந்து 16க்கும் 55க்கும் பதில் எழுதுகிறேன். அதற்குள் "வேலை இரட்டிப்பாகும்" என்ற தங்கள் பதிவு அழிக்கப்படாமல் இருக்கட்டும்.

தம்மவழி:
ஊ பா கின்னைப் பற்றி எழுதியதைக் கணக்குப்பிள்ளை திரும்பப் பெற வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
எந்த வரியை?