டொர்னாடோ வாட்ச் வந்திருக்கிறது, பையனைக் கூட்டி வரப் போகலாமா?

பாலக்கோடு பொண்ணு:
அமெரிக்கா வந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. போனில் டொர்னாடோ (சுழல்காற்று) வாட்ச், இரவு 10 மணி வரை என்று வந்திருக்கிறது. வானம் கறுத்துக் கிடக்கிறது. அவர் ஆபீஸில், பையன் ஸ்கூலில். போய்க் கூட்டி வரலாமா, வீட்டிலேயே இருக்கணுமா? யாராவது உடனே சொல்லுங்கள்.

டொரண்டோ தர்மபுரியான்:
பயப்படாதே தங்கச்சி. முதலில் நல்ல கோட்டு வாங்கு. நான் வந்த முதல் குளிர்காலத்தில் மைனஸ் 15, அதோடு காற்றும் சேர்ந்து மைனஸ் 25 மாதிரி உறைத்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றே காதுமடல் மரத்துப்போனது. இங்கே அரசு வானிலைத் தளத்தில் காற்றோடு சேர்ந்த குளிருக்குத் தனி எண் போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு உடுத்திவிடுகிறோம்.

ஹூஸ்டன் ஓசூர்க்காரன்:
டொர்னாடோவுக்குக் கோட்டு எதற்கு அண்ணா? சைரன் ஊதினால்தான் கவலை. அதுவரை தைரியமாகப் போய் வாம்மா.

காவேரிப்பட்டணம் அக்கா:
சைரனை நம்பி உட்காராதீங்க. அது வெட்டவெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. கதவைச் சாத்தி ஏசி ஓடினால் உள்ளே கேட்காது.

ஊத்தங்கரை:
அங்கே சைரனாவது இருக்கு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏரி நிரம்பி, ரோட்டோரம் நின்ற வேன்களை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. எங்கள் தெருவுக்கு யார் வந்து சொன்னார்கள்?

ஹூஸ்டன் ஓசூர்க்காரன்:
உண்மைதான். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை திறந்தால் தென்பெண்ணைக் கரையில் எச்சரிக்கிறார்கள். புயல் என்றால் கடலோரத்துக்குத்தான் என்று நம் பக்கத்தில் எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

காவேரிப்பட்டணம் அக்கா:
அதை அப்புறம் பேசலாம், அந்தப் பொண்ணு காத்திருக்கு. எந்த ஊர், எந்த கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), எத்தனையாவது மாடி?

பாலக்கோடு பொண்ணு:
டாலஸ் பக்கம், டென்டன் கவுண்டி அக்கா. மூணாவது மாடி.

காவேரிப்பட்டணம் அக்கா:
சரி, கேளு. வாட்ச் என்றால் டொர்னாடோ உருவாகத் தோதான நிலைமை இருக்கிறது, தயாராக இரு என்று அர்த்தம். வார்னிங் என்றால் ரேடாரில் தெரிந்துவிட்டது, இல்லை யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். அப்போது போனே அலறும். வெதர் டாட் கவ் தளத்தில் உன் ஜிப் கோடு போடு, தேசிய வானிலைச் சேவை தருவது எல்லாம் இலவசம். உங்கள் பகுதியைப் பார்ப்பது ஃபோர்ட் வொர்த் அலுவலகம். வார்னிங்கில் கவுண்டி பெயர் வரும், படத்தில் ஒரு கட்டம் போட்டுக் காட்டுவார்கள். அதற்குள் உன் வீடோ ஸ்கூலோ இருக்கிறதா என்று பார்.

இப்போது வார்னிங் இல்லை என்றால் ஸ்கூலுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம். வார்னிங் வந்துவிட்டால் கார் எடுக்காதே. பையனை ஸ்கூலிலேயே உள் வராந்தாவில் உட்கார வைப்பார்கள், காரைவிட அதுதான் பத்திரம். ரோட்டில் தண்ணீர் ஓடினாலும் இறக்காதே. வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும்.

மூணாவது மாடியில் இருக்கவே வேண்டாம். தரைத்தளத்து வீட்டில் இப்போதே போய்க் கதவைத் தட்டிப் பேசி வை. ஜன்னல் இல்லாத பாத்ரூமோ துணி அலமாரி அறையோ போதும். காலில் ஷூ, தலைக்கு மேல் கனத்த போர்வை.

பாலக்கோடு பொண்ணு:
தளத்தில் பார்த்தேன் அக்கா, வார்னிங் இல்லை. ஸ்கூலில் வரச் சொன்னார்கள், கிளம்புகிறேன். கீழ்வீட்டு அம்மா எப்போ வேணும்னாலும் வா என்றார். ராத்திரி தூங்கும்போது வந்தால்?

காவேரிப்பட்டணம் அக்கா:
பேட்டரி போட்ட வெதர் ரேடியோ ஒன்று வாங்கு. அதில் டென்டன் கவுண்டி கோடு போட்டு வைத்தால் உங்கள் கவுண்டிக்கு வார்னிங் வரும்போது சத்தம் போட்டு எழுப்பும். இன்றைக்குப் போனை சார்ஜில் போட்டு, தலைமாட்டிலேயே வை.