பென்ஸ் கடிகாரம் நின்றால்: சுங்கை சிப்புட் பழைய கார்க்காரர்களின் அனுபவங்கள்

டாக்சிக்காரர் மகன்:
அப்பா ஈப்போவுக்கு டாக்சி ஓட்டிய பென்ஸ் 200டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. 1976 முதல் 1986 வரை வந்த டபிள்யூ123 வரிசை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் டாஷ்போர்டு மீட்டரின் வலது பக்கம் முழுக்கக் கடிகாரம். அது காலையில் ஓடும், வெயில் ஏறியதும் நிற்கும், தட்டினால் கொஞ்சம் நகரும். ஒரு பட்டறையில் முழு மீட்டரையும் மாற்றச் சொன்னார்கள். பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் பொத்தோங் கடையில் தேடினாலும் கிடைப்பது அதே வயசுக் கடிகாரம், அதே நோயோடுதான் வரும். சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

மீட்டரைக் கழற்ற ஸ்க்ரூ எதையும் தொட வேண்டாம். சுற்றியுள்ள ரப்பரின் பிடியில்தான் அது நிற்கிறது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு சைக்கிள் கம்பிகளின் நுனியைச் சின்னதாக வளைத்துக்கொண்டேன். இரு பக்க இடுக்கிலும் தட்டையாக நுழைத்து, உள்ளே போனதும் திருப்பினால் கொக்கி பின்விளிம்பைப் பிடிக்கும். அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று இழுக்க வேண்டும்.

பாதி வந்ததும் கையை அடக்குங்கள். பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் இருக்கிறது, கூடவே ஒரு மெல்லிய எண்ணெய்க் குழாயும். இந்த வண்டியில் ஆயில் பிரஷர் முள்ளை நகர்த்துவது மின்சாரம் இல்லை, இன்ஜினிலிருந்து நேராக வரும் எண்ணெய்தான். பழைய குழாய் விறைத்துப்போயிருக்கும். அது முறிந்தால் அடுத்த ஸ்டார்ட்டில் கால்சட்டைக்கு எண்ணெய் அபிஷேகம்.

கடிகாரத்தின் முதுகில் சின்ன சர்க்கியூட் போர்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு ஈயப் பற்றைச் சுற்றி மயிரிழை போல வட்ட விரிசல். தட்டினால் ஓடிய ரகசியம் அதுதான். மறுபடி ஈயம் வைத்தேன். கெப்பாசிட்டரையும் மாற்றிவிட்டேன், வருஷக்கணக்கான சூட்டில் அதன் உள்ளே இருக்கும் திரவம் வற்றிவிடும். பழையதில் போட்டிருக்கும் அதே அளவு, வோல்ட்டும் குறையக் கூடாது, பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. ஒரு வெள்ளிகூட ஆகவில்லை.

வயர்மேன்:
அண்ணே, அதற்கும் முந்திய ஜெர்மன் கார்களில் சமாச்சாரமே வேறு. அவற்றில் பல கீன்ட்ஸ்லே கம்பெனிக் கடிகாரங்களுக்கு உள்ளே ஸ்பிரிங் உண்டு. அது தளர்ந்ததும் இரண்டு காண்டாக்ட் சேரும், கம்பி சுற்றிய காயில் ஒரு உதை கொடுத்துத் திரும்ப முறுக்கிவிடும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை ‘டக்’ என்று கேட்குமே, அதுதான்.

நம் ஊரில் பழைய கார்கள் எத்தனையோ தீபாவளிக்குத்தான் கொட்டகையை விட்டு வெளியே வரும். சாவியை எடுத்தாலும் கடிகாரத்துக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி இறங்கினால் அந்த உதைக்குப் பலம் பத்தாது. காண்டாக்ட் பிரியாமல் நிற்க, காயில் சூடேறும். அங்கே சுலபமாக உருகுகிற ஈயப் பொட்டு ஒன்று வைத்திருப்பார்கள். அது உருகிப் பிரிந்து காயிலைக் காப்பாற்றிவிடும். ஆக, நின்றுபோன கடிகாரம் பெரும்பாலும் செத்த கடிகாரம் இல்லை, ஃபியூஸ் போனதுதான். அங்கே சாதாரண ஈயம் வைக்காதீர்கள், அது உருகுவதற்கு 180 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதற்குள் காயில் கருகிவிடும். குறைந்த சூட்டில் உருகும் ஈயம் கேட்டு வாங்குங்கள். கையோடு காண்டாக்ட்டைத் துடைத்து, பழைய பிசுக்கை எடுத்து, கடிகார எண்ணெய் ஒரு துளி விடுங்கள். தையல் மிஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

மோரிஸ் பிரியன்:
என்னுடையது மோரிஸ் மைனர். முந்திய சொந்தக்காரர் ஸ்மித்ஸ் கம்பெனிக் கடிகாரம் ஒன்று தனியாக வாங்கிப் பொருத்தியிருக்கிறார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடப்போகிறேன். கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகாதே?

வயர்மேன்:
தம்பி, மைனர் கம்பெனியிலிருந்து வந்தது பாசிட்டிவ் எர்த்தில், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை கார் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்காக அதை நெகட்டிவ் எர்த் ஆக்குவார்கள், மைனஸ் பாடிக்குப் போய்விடும். ஸ்மித்ஸில் டிரான்சிஸ்டர் வைத்த ரகம் என்றால் வயர் மாறிய உடனே போய்விடும். வேலைக்கு விடுமுன் கடிகாரத்தைக் கழற்றி, எந்த எர்த் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பட்டறை ஃபோர்மனிடமும் சொல்லிவிடுங்கள், அவர் ரேடியோவைத்தான் யோசிப்பார்.

டாக்சிக்காரர் மகன்:
இன்னொன்று, மீட்டர் வெளியே இருக்கும்போதே உள்ளே உள்ள குட்டி பல்புகளையும் மாற்றிவிடுங்கள். பல்புக்காக இன்னொரு தடவை அந்த எண்ணெய்க் குழாயில் கை வைக்க முடியாது.