வீட்டை ஜேவிக்குக் கொடுக்கிறோம்: தெரு கெடாமல் இருக்க பில்டரிடம் என்ன எழுதி வாங்கலாம்?

மாம்பலத்துக்காரி

எங்கள் வீடு சென்னை மேற்கு மாம்பலத்தில், அயோத்தியா மண்டபத்திலிருந்து நடக்கிற தூரம். ஒரு கிரவுண்டு, முப்பதடி தெரு, அப்பா கட்டிய தனி வீடு. ஜேவிக்குக் கொடுப்பது, அதாவது நிலம் எங்களுடையது, பில்டர் இடித்து அடுக்குமாடி கட்டி இருவரும் பங்கிட்டுக்கொள்வது என்று தம்பியும் நானும் முடிவு செய்துவிட்டோம். அம்மாவுக்குப் படியேற முடியவில்லை, லிஃப்ட் வேண்டும். மழை வந்தால் ஹாலுக்குள் தண்ணீர். அதனால் இடிக்கலாமா வேண்டாமா என்ற பேச்சு இங்கே வேண்டாம். கீழே தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் தளம் (ஸ்டில்ட்), அதற்கு மேல் நான்கு மாடி என்று பில்டர் வரைபடம் கொடுத்திருக்கிறார்.

டைல்ஸ், சமையலறை எல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான். நான் கேட்பது தெருவைப் பற்றி.

எங்கள் வரிசையில் பல வீடுகள் ஏற்கெனவே இப்படி மாறிவிட்டன. உயரம் எனக்கு உறுத்தவில்லை. சாயங்காலம் தெருவில் நிழல்தான் கூடியிருக்கிறது. உறுத்துவதெல்லாம் கீழே, தரையோடு. முன்பு எந்த வாசலிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் "அம்மா வந்தாச்சா?" என்று கேட்பார்கள். இப்போது ஒரு பக்கம் முழுக்க ஆறடி மதில், தகரம் அடித்த கேட், உள்ளே கார்கள். காய்கறி வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுக்கிறார். ஏசி போட்டு மூடிய ஜன்னலில் அது யார் காதில் விழும்? ஒவ்வொரு கட்டடமும் கார் ஏறுவதற்கு ஒரு சிமென்ட் சரிவைத் தெருவுக்குள் நீட்டியிருக்கிறது. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில், பைக்குகளுக்கு நடுவே நடக்கிறாள். அந்தச் சரிவில் கோலமும் போட முடியாது.

எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணன், "எனக்கும் இடம் இருக்குமாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

"ரூல்படி பார்க்கிங் விட்டாகணும் மேடம்" என்கிறார் பில்டர். சரி, விடட்டும். பார்க்கிங்கும் விட்டு, தெருப்பக்கமும் உயிரோடு இருக்க வழி உண்டா?

சைட்_இன்ஜினியர்

உண்டு மேடம். முதலில் பில்டர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று பார்ப்போம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5-லிருந்து 2 ஆனது. உயர்மாடிக் கணக்கில் வராத கட்டடத்தின் உயரம் 15.25 மீட்டரிலிருந்து 18.30 மீட்டர் ஆனது. உங்கள் 2400 சதுர அடியில் 4800 சதுர அடி கட்டலாம். கார் நிறுத்தும் ஸ்டில்ட் அந்தக் கணக்கில் சேராது. கீழே ஒரு வீடோ கடையோ போட்டால் மேலே விற்கிற பரப்பில் அவ்வளவு குறையும். அதனால்தான் எல்லாக் கட்டடத்திலும் தரைமட்டம் வெறும் தூணாக நிற்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியதில் முக்கியமானது படிக்கட்டும் லிஃப்டும். வழக்கமாக அவற்றைப் பின்னால் தள்ளி, முன்பக்கத்தைக் கார்களுக்குக் கொடுப்பார்கள். அதனால் குடியிருப்பவர்கள் தெருவுக்கு வருவதே காருக்குள் உட்கார்ந்துதான். லிஃப்டைத் தெருப்பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கு நேரே, நடந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன கேட். அதன் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும்படி ஒரு கல் திண்ணை. இதில் ஒரு கார் நிற்கும் இடம் போகலாம். விதி கேட்கும் எண்ணிக்கைக்குக் கீழே போகாமல் வரைபடம் போடுகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சரிவு கேட்டுக்கு உள்ளேயே தொடங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தெரு உங்கள் நிலமில்லை, பில்டர் நிலமும் இல்லை. கேட் பக்கவாட்டில் நகர்கிற மாதிரி இருக்கட்டும். மதில் மூன்றடி, அதற்கு மேல் கம்பி. முதல் மாடி பால்கனி தெருவைப் பார்த்து இருக்கட்டும், அங்கிருந்து பேசினால் கீழே கேட்கும்.

வேப்பமரம் மதிலுக்கு வெளியே இருந்தால் அது மாநகராட்சியுடையது. வேலை நடக்கும்போது அதன் அடியில் மணல், ஜல்லி கொட்டக் கூடாது, சிமென்ட் கழுவிய தண்ணீர் விடக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். வெட்டாமலே மரம் செத்துப்போவது இப்படித்தான். மரம் பிழைத்தால் இஸ்திரி வண்டிக்கும் நிழல் இருக்கும்.

இதையெல்லாம் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நிலம் 500 சதுர மீட்டருக்குள், வீடுகள் எட்டுக்கு மேல் போகாமல் இருந்தால் ரெரா (வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டே 446 சதுர மீட்டர்தான், உங்களுடையது ஒன்று. உங்களுக்குக் கையில் இருக்கிற பிடி ஒப்பந்தம் மட்டுமே. தரைத்தள வரைபடத்தையும் முன்பக்கத் தோற்றத்தையும் அதோடு இணைத்து, இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள்.

லேக்வியூ_ரோடு

நான் இன்னும் தனி வீட்டில் இருப்பவன். பக்கத்து மனையில் புதுக் கட்டடம் வந்தபோது இரண்டடி மண் கொட்டி மேடாக்கினார்கள். ரோடும் ஒவ்வொரு முறை போடும்போது உயர்ந்துகொண்டே போகிறது. நான் பள்ளத்தில் இருக்கிறேன். 2015 டிசம்பரில் எல்லோருக்கும் தண்ணீர் வந்தது, அது வேறு. 2021 நவம்பரில் அவர்கள் வாசல் காய்ந்திருந்தது, என் வீட்டில் கட்டில் கால் வரை தண்ணீர். இந்தப் பகுதியே ஏரி இருந்த இடம், தண்ணீர் அதன் பள்ளத்தைத் தேடி வரத்தான் செய்யும்.

கட்டடத்தைச் சுற்றி விடும் இடம் முழுவதையும் சிமென்ட் போட்டு மூட விடாதீர்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம்தான். ஆனால் பல இடங்களில் ஒரு குழாயைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். முன்பக்கம் ஒரு உறை கிணறு இறக்கச் சொல்லுங்கள், சுற்றிலும் மண் திறந்திருக்கட்டும். உங்கள் அடுத்த வீட்டுக்காரர் சார்பில் கேட்கிறேன்.

நான்காம்_மாடி

நான் ஃபிளாட் சங்கச் செயலாளர். மூன்றடி மதில் கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் ஸ்டில்ட்டில் சைக்கிள்கள் திருடுபோன பிறகு நாங்களே மதிலை உயர்த்தினோம். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளும் உண்டு. அதையும் யோசியுங்கள்.

மாம்பலத்துக்காரி

நான்காம் மாடி சார், உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எங்கள் தெருவில் இருட்டினால் நான் வேகமாக நடப்பது அந்த உயரமான மதில் ஓரத்தில்தான். வெளியே என்ன நடந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, மதிலைத் தாண்டி ஒருவன் உள்ளே போய்விட்டால் தெருவில் இருப்பவருக்கும் தெரியாது. கம்பி வைத்து, விளக்கும் போடச் சொல்கிறேன்.

லேக்வியூ சார், உறை கிணறு கண்டிப்பாக.

லிஃப்ட் விஷயம் தம்பியிடம் பேசினேன். கார் இடம் குறையுமே என்றான். என்னிடம் கார் இல்லை. என் பங்குக்கு வருகிற இடத்தை அதற்கு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். பில்டர் புது வரைபடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் இங்கே போடுகிறேன். இன்ஜினியர் சார், சரிவு எங்கே தொடங்குகிறது என்று மட்டும் அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.