கம்பெனி திவால்: இன்னும் எடுக்காத பென்ஷனில் எவ்வளவு வெட்டு? (பிரிட்டன்)

கேள்வி – தேம்ஸ்கரை

1993 ஏப்ரல் முதல் 2005 ஏப்ரல் வரை இங்கிலாந்தில் ஒரு கம்பெனியில் வேலை, கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் பென்ஷன். இப்போது வயது 57, திட்டப்படி பென்ஷன் வயது 65. கம்பெனி போன மாதம் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு (திவால் நிர்வாகத்துக்கு) போய்விட்டது, திட்டத்திலும் பற்றாக்குறை. இன்றைய கணக்கில் வருடத்துக்கு 9,000 பவுண்ட் என்கிறது, திட்டத்தை நடத்தும் ட்ரஸ்டிகளின் கடிதம். கம்பெனி திவாலானால் பென்ஷனைக் காக்கும் பென்ஷன் ப்ரொடக்ஷன் ஃபண்ட் திட்டத்தை எடுத்துக்கொண்டால் 10 சதவீதம்தான் வெட்டு என்கிறார்கள், உண்மையா? வேறு திட்டத்துக்கு மாற்றிவிடலாமா? அதே கம்பெனியில் 61 வயதிலேயே பென்ஷன் எடுத்தவருக்கு வெட்டே இல்லையாமே?

பதில் – கணக்குப்புலி

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன்: தவறான தகவல். ஃபண்ட் திட்டத்தை ஏற்குமா என்று பார்க்கும் மதிப்பீடு, கம்பெனி அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போன தேதியில் தொடங்கும். அதுதான் மதிப்பீட்டுத் தேதி. அன்று திட்டத்தின் பென்ஷன் வயதைத் தாண்டியிருந்தால் 100 சதவீதம். உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றவர்களுக்கும், இறந்தவரின் துணைக்கும் அப்படியே. முன்கூட்டி எடுத்துக்கொண்டிருப்பவர் அன்று 65ஐத் தொடவில்லை என்றால் அவருக்கும் 90தான்.

மாற்றுவது முடியாது. மதிப்பீட்டுக் காலம் தொடங்கியதுமே வெளியே மாற்றும் உரிமை நின்றுவிடும். இந்தக் காலம் குறைந்தது 12 மாதம், பெரும்பாலும் அதற்கு மேல் இழுக்கும். அதுவரை ட்ரஸ்டிகளே பணம் கொடுப்பார்கள், ஆனால் பென்ஷன் ப்ரொடக்ஷன் ஃபண்டின் அளவுக்கு மேல் தர மாட்டார்கள். திட்டத்தின் சொத்து அந்த அளவை மிஞ்சினால் திட்டம் ஃபண்டுக்குள் போகாது. காப்பீட்டு நிறுவனத்திடம் பென்ஷனை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், உங்களுக்கும் 90ஐவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம்.

பதில் – வட்டிக்கடை

10 சதவீதம் என்பது கண்ணுக்குத் தெரியும் வெட்டு மட்டும். பெரிய வெட்டு வருடாந்தர உயர்வில் இருக்கிறது.

65 வரை கவலையில்லை. 2009 ஏப்ரலுக்கு முந்தைய பணி என்பதால் மொத்தத் தொகையும் விலைவாசியோடு, வருடத்துக்கு 5 சதவீத உச்சவரம்பில் உயரும். சிக்கல் பணம் கைக்கு வர ஆரம்பித்த பிறகு. 1997 ஏப்ரல் 6க்குப் பிந்தைய பணிக்கான பங்கு மட்டுமே உயரும், அதுவும் 2.5 சதவீதத்துக்குள். அதற்கு முந்தைய பங்கு அப்படியே நிற்கும்.

உங்கள் 12 வருடத்தில் 4 வருடம் முந்தையது. 9,000ல் 90 சதவீதம் 8,100. சமமாகப் பிரித்தால் அதில் 2,700 உயராது, 5,400 உயரும். விலைவாசி 2.5 சதவீதம் என்று வைத்தால், 85 வயதில் 5,400 சுமார் 8,850 ஆகிவிடும், 2,700 அங்கேயே இருக்கும். மொத்தம் 11,550. வெட்டே இல்லாமல் 9,000 முழுவதும் அதே வீதத்தில் உயர்ந்திருந்தால் 14,750 வந்திருக்கும். 78 சதவீதம்தான் மிச்சம். உங்கள் திட்டம் 5 சதவீதம் வரை உயர்த்துவதாக இருந்து, விலைவாசியும் ஏறினால் இடைவெளி இன்னும் விரியும்.

துணைக்கு வரும் பங்கையும் பாருங்கள். ஃபண்ட் பொதுவாகப் பாதிதான் தரும், சில திட்டங்களில் மூன்றில் இரண்டு இருந்திருக்கும்.

பதில் – பழைய ட்ரஸ்டி

மேலே உள்ள கணக்கு சரி, ஆனால் 1997க்கு முந்தைய பங்கு விஷயத்தில் காற்று மாறுகிறது. அந்தப் பங்குக்கும் 2.5 சதவீதத்துக்குள் உயர்வு தருவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், 2027 ஜனவரி முதல். நிபந்தனை: பழைய திட்டத்தின் விதியிலேயே அந்த உயர்வு இருந்திருக்க வேண்டும். ட்ரஸ்டிகள் மனமிருந்தால் கொடுத்தது கணக்கில் வராது. பழைய பாக்கியும் கிடைக்காது. உங்களுக்கு அது பொருந்தினால் 78 என்பது 90 ஆகிறது, அதாவது 85 வயதில் வருடத்துக்குச் சுமார் 1,700 பவுண்ட் வித்தியாசம். ஆகவே திட்டத்தின் ட்ரஸ்ட் டீடையும் (திட்டத்தை நிறுவிய சட்டப் பத்திரம்) விதிகளையும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பணியாளர் கையேடு போதாது, அது சுருக்கம்தான்.

ஒருவருக்கு ஃபண்ட் தரும் வருடத் தொகைக்கே உச்சவரம்பு உண்டு என்று இணையத்தில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது வயதுப் பாகுபாடு என்று 2020ல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2021ல் மேல்முறையீட்டிலும் நின்றது. ஃபண்டில் இப்போது அது இல்லை. 2005 ஏப்ரலுக்கு முன்பே கலைக்கத் தொடங்கிய திட்டங்களுக்கான நிதியுதவித் திட்டம் வேறு, அதில் உச்சவரம்பு தொடர்கிறது.

தேம்ஸ்கரை

நன்றி. அப்படியென்றால் இப்போதே 57ல் எடுத்துவிட்டால்?

கணக்குப்புலி

எடுக்கலாம், குறைந்தபட்ச வயது 55 (2028 ஏப்ரல் 6 முதல் 57). ஆனால் 90 சதவீதத்தின் மேல் எட்டு வருட முன்கூட்டல் கழிவும் விழும், 65 வரையிலான 5 சதவீத உச்சவரம்பு உயர்வும் நின்றுவிடும். 1997க்கு முந்தைய பங்கு அன்றே உறையும், அறிவிப்பு உங்களுக்குப் பொருந்தாவிட்டால். 25 சதவீதம் வரை மொத்தமாக எடுக்க வழியுண்டு. தனியாக ஏ.வி.சி. (பென்ஷனுக்காக நீங்களே விரும்பிக் கட்டும் கூடுதல் பணம்) கட்டியிருந்து, அது முதலீட்டு நிதியாக இருந்தால், அதில் இந்த வெட்டு கிடையாது. அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று ட்ரஸ்டிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.