வால்வு ரேடியோவுக்குக் கண்டென்சர் தேர்ந்தெடுத்தபோது கண்டவை: அனுபவப் பகிர்வு

நாகப்பட்டினத்தில் என் தாய்மாமா வீட்டுப் பரணில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்த, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ரேடியோவைச் சென்ற ஆண்டு எடுத்துவந்து சீர்செய்தேன். இலங்கை வானொலி கேட்பதற்கென்றே அவர் வாங்கிய பெட்டி அது. கடற்காற்றின் ஈரம் ஏறி, காகிதக் கண்டென்சர்களின் (நேர்திசை மின்னோட்டத்தைத் தடுத்து, ஒலி போன்ற மாறும் மின்னோட்டத்தை மட்டும் விடும் உறுப்புகள்) முனைகளில் மெழுகு வடிந்து, அதன்மேல் தூசி படிந்து கறுத்திருந்தது.

ஒவ்வொன்றிலும் ஒரு முனையைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன். ஒலிபெருக்கியை இயக்கும் ஈ.எல். 84 வால்வின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) ஒலியைக் கொண்டுசெல்லும் கண்டென்சரில் கொள்ளளவு 0.01 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 0.013 காட்டியது. அளவு குறையவில்லையே என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். அங்கேதான் தவறினேன்.

இருபது நிமிடம் இனிமையாகப் பாடிய ரேடியோ பிறகு கரகரக்கத் தொடங்கியது. பின்பக்கம் சென்று பார்த்தால், வால்வில் எலெக்ட்ரான்களை ஈர்க்கும் ஆனோடுத் தகடு ஓரத்தில் மங்கிய செந்நிறமாகக் கனன்றுகொண்டிருந்தது. உடனே அணைத்துவிட்டு, மீட்டரைப் பொருத்தி மறுபடியும் சிறிது நேரம் மட்டும் போட்டுப் பார்த்தேன். சுழியமாக இருக்க வேண்டிய கிரிட்டில் 4 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருந்தது. எலெக்ட்ரான்களை வெளியிடும் கேதோடில் உள்ள 150 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 7.5 வோல்ட்டுக்குப் பதிலாக 10.5 வோல்ட் இருந்தது. சுமார் 50 மில்லிஆம்பியர் செல்ல வேண்டிய வால்வில் 70 மில்லிஆம்பியர் சென்றிருக்கிறது. இன்னும் சற்று நேரம் விட்டிருந்தால், இன்று எளிதில் கிடைக்காத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து எரிந்திருக்கும்.

முந்தைய வால்வின் நேர்மின்னழுத்தத்தை அந்தக் கண்டென்சர் கிரிட்டுக்குக் கசியவிட்டிருக்கிறது. கிரிட் ரெசிஸ்டர் 680 கிலோஓம் என்பதால், 4 வோல்ட் ஏறுவதற்கு 6 மைக்ரோஆம்பியர் கசிவே போதுமானது. முந்தைய வால்வின் ஆனோடில் 100 வோல்ட் இருந்ததைக் கொண்டு கணக்கிட்டால், கண்டென்சரின் கசிவுத் தடை ஏறத்தாழ 16 மெகாஓம். சிறு பேட்டரியில் இயங்கும் மீட்டருக்கு இந்தக் கசிவு பெரும்பாலும் தென்படுவதில்லை. தென்பட்டாலும், 16 மெகாஓம் என்றால் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துவிடுவோம். கசியும் காகிதக் கண்டென்சர் மீட்டரில் தன் அளவைக் கூட்டியே காட்டக்கூடும் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போது அந்த இடத்தில் அதே 0.01 அளவில், 630 வோல்ட் பாலிபுரொப்பிலீன் கண்டென்சர் இருக்கிறது. பழையது 400 வோல்ட்தான். வோல்ட் கூடுதலாக இருப்பதால் கெடுதல் ஏதுமில்லை.

மைக்ரோஃபாரட்டைக் கூட்டுவது அப்படியன்று. மின்வழங்கலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டென்சர் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றபோது, ஹம்மிங் (ரீங்கார இரைச்சல்) அடியோடு போய்விடும் என்று சொல்லி 100 மைக்ரோஃபாரட்டை ஒரு கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். என் பெட்டியின் ரெக்டிஃபையரான (மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கும்) ஈ.இசட். 80 வால்வை அடுத்து வரும் முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஒவ்வொரு சுற்றிலும் அதை நிரப்பப் பாயும் மின்னோட்டம் வால்வின் கேதோடைத் தின்றுவிடும். ஆகவே 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என இரண்டு வாங்கிப் போட்டேன். ஹம்மிங் கேட்கவில்லை.

*

ஐயா, தங்கள் பதிவைப் படித்தபின் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. என்னுடையது மின்வழங்கலில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத, யு.எல். 84 வரிசை வால்வுகள் கொண்ட பெட்டி. இத்தகைய பெட்டிகளில் சேசிஸ் (உலோக அடித்தகடு) நேரடியாக மின்கம்பியின் ஒரு முனையோடு இணைந்திருக்கும். குமிழ்களின் திருகுக் குழிகளை மெழுகால் அடைத்திருப்பதும் விரல் படாமலிருக்கத்தான். ஏரியல் கம்பியை மாட்டும்போது எனக்குக் கடுமையாக ஷாக் அடித்தது. திறந்து பார்த்தால், ஏரியலுக்கும் உள்சுற்றுக்கும் இடையில் முன்பு யாரோ 0.1 மைக்ரோஃபாரட் காகிதக் கண்டென்சரைப் பற்றவைத்திருந்தார்கள். 230 வோல்ட்டில் அந்த அளவு, கசிவே இல்லாவிட்டாலும், 7 மில்லிஆம்பியரைக் கடத்தும். அங்கே இருக்க வேண்டியது 1 நானோஃபாரட் (0.001 மைக்ரோஃபாரட்), அதன்வழி 0.1 மில்லிஆம்பியர்கூடச் செல்லாது. அதுவும் பழுதானால் ஷார்ட் ஆகாமல் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும்படி செய்யப்பட்ட, ‘ஒய்’ வகைக் குறியிட்ட கண்டென்சராக இருக்க வேண்டும். வோல்ட் போதுமே என்று சாதாரண செராமிக்கை அங்கே போடுவது உயிரோடு விளையாடுவதாகும். நிலையத்தின் பலத்துக்கேற்ப ஒலியைத் தானே சீராக்கும் ஏ.வி.சி. கம்பியில் உள்ள கண்டென்சரையும், மைக்கா கண்டென்சர்களையும் தாங்கள் என்ன செய்தீர்கள்?

*

தாங்கள் கேட்ட ஏ.வி.சி. கண்டென்சரை மாற்றிவிட்டேன். அந்தக் கம்பியின் ரெசிஸ்டர் 2.2 மெகாஓம் என்பதால் சிறு கசிவும் கட்டுப்பாட்டு வோல்ட்டை இறக்கிவிடுகிறது. பலமான நிலையங்கள் சிதைந்து கேட்டது அதனால்தான். இடைநிலை அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் மைக்கா கண்டென்சர்களைத் தொடவில்லை. அவை நல்ல நிலையிலேயே இருந்தன. அளவு சற்று மாறினாலும் அலைவரிசை நகர்ந்துவிடும். தாங்கள் எழுதியதைப் படித்த பிறகு, மின்கம்பிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருந்த பழைய கண்டென்சரையும் எடுத்துவிட்டு ‘ஒய்’ வகை போட்டேன். நேற்று மூன்று மணி நேரம் தொடர்ந்து பாடவிட்டு அளந்தேன்: கேதோடில் 7.4 வோல்ட், கிரிட்டில் சுழியம்.