பிளஸ் டூ ஆங்கிலம்: தங்கச்சிக்கு இலக்கணத்துல ஆரம்பிக்கவா, கட்டுரையில ஆரம்பிக்கவா?

கோத்தகிரி அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ. அரசுப் பள்ளி, தமிழ் வழி. மத்த பாடமெல்லாம் சமாளிச்சுடுவா, இங்கிலீஷ்தான் பயமா இருக்கு. அவ படிக்காம இல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகும் கைடை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. பாடத்துக்கு ஒரு பாரா, போயத்துக்கு ஒரு பாரான்னு கடகடன்னு ஒப்பிக்கிறா. ஆனா நடுவுல ஒரு வரி மறந்தா அவ்வளவுதான், அடுத்த வரி வராது. அரையாண்டுத் தேர்வுல அஞ்சு மார்க் கேள்விகளை அப்படித்தான் பாதியில விட்டுட்டு வந்தா. டியூஷன்ல கேட்டா, இன்னும் நல்லா மனப்பாடம் பண்ணுன்னு சொல்றாங்களாம்.

நான் பி.காம். முடிச்சிட்டு ஒரு கடையில கணக்கு எழுதறேன். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அவளோட உட்கார முடியும். எங்க குடும்பம் பாட்டி காலத்துல சிலோன்லேர்ந்து வந்தது. அம்மா எஸ்டேட்ல கொழுந்து எடுக்கறாங்க. வீட்டுல இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான், அதுவும் அரைகுறை.

போன வாரம் புத்தகத்தை மூடி வச்சுட்டு, "அம்மாவைப் பத்தி எழுதுடி"ன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டு எழுதினது இது: "மை மதர் இஸ் கோயிங் டு எஸ்டேட் டெய்லி. ஷீ இஸ் பிளக்கிங் லீஃப்." அதுக்கு மேல ஓடலைன்னு அழுதுட்டா.

இலக்கணப் புத்தகத்தை முதல்லேர்ந்து ஆரம்பிக்கவா? இல்லை கட்டுரை எழுத வைக்கவா? கதையும் போயமும் மார்க்குக்கு மட்டும்தானா, இல்லை அதுல மொழியும் வருமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கூடலூர் தம்பி:

அக்கா, நான் போன வருஷம் தமிழ் வழியில எழுதி முடிச்சவன். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த 90-ல ஒரு மார்க் கேள்வி மட்டும் 20. அஞ்சு மார்க் கேள்வி ஏழு, அதுக்கு 35. ஒரு மார்க்கை மொதல்ல பிடிக்கச் சொல்லுங்க, பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற சொற்களும் பயிற்சியும் நல்லாப் பார்த்திருந்தா பயமில்லை. அஞ்சு மார்க்லயும் எல்லாமே பாடத்துலேர்ந்து வராது. லெட்டர், நோட்ஸ் எடுக்கறது, தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்தறது இதுக்கெல்லாம் மனப்பாடமே வேண்டாம். பழைய கேள்வித்தாளை எடுத்து மணி பார்த்து எழுதிப் பழகட்டும். எனக்கு அதுதான் கைகொடுத்துச்சு.

குன்னூர் டீச்சர்:

கோத்தகிரி அக்கா, நான் மலையிலயே அரசு மேல்நிலைப் பள்ளிகள்ல ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவ. தம்பி சொன்ன மார்க் கணக்கு சரி, அதை விட வேண்டாம். ஆனா உங்க தங்கச்சி அழுதது மார்க்குக்காக இல்லைன்னு தோணுது. பன்னிரண்டு வருஷம் படிச்ச மொழியில தன் அம்மாவைப் பத்தி மூணாவது வரி வரலையேன்னு அழுதிருக்கா. அதை முதல்ல சரி பண்ணணும்.

அதனால கட்டுரைதான் முதல்ல. அவளே எழுதின வரி கையில இருந்தாத்தான் இலக்கணம் எதுக்குன்னு அவளுக்குப் புரியும். அந்த ரெண்டு வரியையே எடுத்துக்கலாம்.

தமிழ்ல "போறாங்க"ன்னு சொன்னா தினமும் போறதும் ஆகும், இந்த நிமிஷம் போய்க்கிட்டிருக்கிறதும் ஆகும். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் தனித்தனி வினை. தினசரிப் பழக்கம்னா "கோஸ்", "பிளக்ஸ்". வாசல்ல நின்னு அம்மா மேடேறிப் போறதைப் பார்த்துக்கிட்டே எழுதினா மட்டும்தான் "இஸ் கோயிங்". டென்ஸ் அட்டவணை முழுக்க ஒப்பிக்கிற பிள்ளைங்களே இங்கதான் சறுக்குவாங்க, ஏன்னா அட்டவணையில அம்மாவும் இல்லை, மேடும் இல்லை. "லீஃப்"னு ஒருமையில எழுதியிருக்கா பாருங்க, அவளைக் கண்டிக்க வேண்டாம். எஸ்டேட்லயும் பாக்டரியிலயும் பச்சை இலையை மொத்தமா அப்படித்தான் சொல்றாங்க, அவ காதுல விழுந்ததைத்தான் எழுதியிருக்கா. பரீட்சைக்கு மட்டும் "டீ லீவ்ஸ்"னு எழுதட்டும்.

அடுத்தது, "எஸ்டேட்"டுக்கு முன்னாடி "தி" விட்டுப்போச்சு. தமிழ்ல அப்படி ஒரு சொல் கிடையாது, அதனால நம்ம பிள்ளைங்க கை அதைத் தாண்டிப் போயிடும். விதியைச் சொல்றதுக்கு முன்னாடி பிளஸ் டூ புத்தகத்தோட பொருளடக்கத்தைத் திறக்கச் சொல்லுங்க. "தி சம்மிட்": ஹிலாரி ஏறின எவரெஸ்ட் உச்சி, அது ஒண்ணே ஒண்ணுதான், அதனால "தி". "எ ஃபாதர் டு ஹிஸ் சன்": யாரோ ஒரு அப்பா, எந்த அப்பாவா வேணா இருக்கலாம், அதனால "எ". "அவர் கசுவரினா ட்ரீ", அதாவது எங்க சவுக்கு மரம்: எங்களோடதுன்னு சொல்லியாச்சு, அங்க ரெண்டுமே வராது. "எ நைஸ் கப் ஆஃப் டீ"யில கப்பை எண்ண முடியும், அதுக்கு "எ" இருக்கு. டீயை எண்ண முடியாது, அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லை. ஒரே பக்கத்துல ஆர்ட்டிகிள் பாடம் பெரும்பாலும் முடிஞ்சுது. உங்க அம்மா போறது ஒரு குறிப்பிட்ட எஸ்டேட், அதனால "டு தி எஸ்டேட்".

இனி கட்டுரை. இப்ப சொன்ன அந்த டீ பாடம்தான், ஜார்ஜ் ஆர்வெல் எழுதினது. மலைப் பிள்ளைங்களுக்கு அதைவிட நல்ல பாடம் அந்தப் புத்தகத்துல இல்லைன்னு நான் உறுதியாச் சொல்வேன். 1946 ஜனவரியில லண்டன் பத்திரிகை ஒண்ணுல வந்தது. போர் முடிஞ்சும் அங்க டீத்தூள் ரேஷன்லதான் கிடைச்சுது, அதனாலதான் மனுஷன் ரெண்டு அவுன்ஸ் தூள்லேர்ந்து இருபது கப் நல்ல டீ எடுக்கிற கணக்கைப் பேசறார். ரெண்டு அவுன்ஸ்னா 57 கிராம்கூட முழுசா இல்லை. இதைச் சொன்னாத்தான் அவர் ஏன் இவ்வளவு கறாரா இருக்கார்னு பிள்ளைக்குப் புரியும்.

கைடுல என்ன பண்றாங்கன்னா, நல்ல டீ போட அவர் சொல்ற 11 விதியையும் வரிசையா அடுக்கிட்டு முடிச்சிடறாங்க. கட்டுரையோட உயிரே அதுல போயிடுது. மூலத்தைப் பாருங்க. விதி அரை வரிதான், காரணம்தான் நீளம். டீயைக் கொஞ்சம் கொஞ்சமா, டீ பாட்லதான் போடணும்ங்கிறார். ஏன்? பெரிய பாத்திரத்துல போட்டா ருசி இருக்காது. எப்படித் தெரியும்? பட்டாளத்துல கொப்பரையில காய்ச்சின டீ எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் அடிக்குமாம். சொல்ல வந்தது, அதுக்குக் காரணம், தான் குடிச்சுப் பார்த்த சாட்சி. ஒரு பாராவுக்கு இந்த மூணும் போதும். இப்படிக் கோர்த்து எழுதறவளுக்கு ஒரு வரி மறந்தாலும் அடுத்தது வரும், "ஏன்?"னு தன்னையே கேட்டுக்கிட்டா பதில் வந்துடும். மனப்பாடம் பண்ணினவளுக்கு அந்தக் கேள்வி கேட்க ஆளில்லை.

வர்ற ஞாயிறு அந்த 11 விதியையும் தமிழ்ல அம்மாவுக்கு அவளே படிச்சுச் சொல்லட்டும். அம்மா எதை ஒத்துக்கறாங்க, எதை ஒத்துக்கலைன்னு குறிச்சுக்கட்டும். நம்ம வீடுகள்ல டஸ்ட் தூளும் பாலும் சர்க்கரையும் இஞ்சியும் ஒண்ணாப் போட்டுத்தான் கொதிக்க விடறோம். ஆர்வெல் சர்க்கரையே கூடாதுங்கிறார். ஜனவரி உறைபனியில விடியக்காலை காட்டுக்குப் போறவங்களுக்கு அது சரிப்படுமா? சரிப்படாதுன்னா ஏன்? "ஐ டோன்ட் அக்ரீ வித் ஆர்வெல், பிகாஸ்" அப்படின்னு ஆரம்பிச்சு எழுதட்டும். அந்த "பிகாஸ்"க்குப் பின்னாடி வர்றது எந்தக் கைடுலயும் கிடைக்காது.

இன்னொண்ணு. அவரோட முதல் விதியே இந்தியத் தேயிலை, இல்லைன்னா சிலோன் தேயிலைதான் வாங்கணும்ங்கிறது. அவர் அதை எழுதின காலத்துல சிலோன்ல கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தது உங்க பாட்டி தலைமுறையும் அதுக்கு முந்தின தலைமுறையும். 1964-ல இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் நீலகிரிக்கு வந்து இங்கயும் கொழுந்து எடுத்தாங்க. ஆர்வெல் கேட்ட ரெண்டு தேயிலையும் உங்க வீட்டுக் கை பறிச்சது. இதை உங்க தங்கச்சி எழுதலைன்னா வேற யார் எழுதப்போறாங்க?

கோத்தகிரி அக்கா:

டீச்சர், ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை சொன்ன மாதிரியே செஞ்சோம். அம்மா மூணே விதிதான் ஒத்துக்கிட்டாங்க. டீ ஸ்ட்ராங்கா இருக்கணும்னதும் "ஆளு விவரமானவரு"ன்னாங்க, சர்க்கரை வேண்டாம்னதும் முகமே மாறிடுச்சு. தங்கச்சி ஒரு பக்கத்துக்கு மேல எழுதிட்டா. பாட்டியோட அம்மா சிலோன்ல கொழுந்து எடுத்ததையும் எழுதியிருக்கா, அந்த இடத்துல ஒரு தப்பும் இல்லைன்னு நினைக்கிறேன். ஒரு வரியில மட்டும் எனக்குச் சந்தேகம்: "மை மதர் டோல்ட் ஐ வில் நாட் டிரிங்க் டீ வித்தவுட் ஷுகர்." படிச்சா தங்கச்சி குடிக்க மாட்டான்னு வருது. எப்படித் திருத்தறது? அப்புறம் போயத்துக்கும் இதே மாதிரி ஏதாவது வழி இருக்கா? சவுக்கு மரத்தை அவ பார்த்ததே இல்லைங்கறா.

குன்னூர் டீச்சர்:

சந்தேகம் சரியான இடத்துல வந்திருக்கு மா. "சர்க்கரை இல்லாம நான் குடிக்க மாட்டேன்னு அம்மா சொன்னாங்க"ன்னு தமிழ்ல சொல்றோம். அம்மா வாயில வந்த "நான்" அப்படியே நிக்கும், "மாட்டேன்" அப்படியே நிக்கும், "ன்னு" போட்டா முடிஞ்சுது. இங்கிலீஷ்ல சொல்றவ இடத்துலேர்ந்து மொத்தத்தையும் மாத்தணும். "நான்"ங்கிறது "ஷீ" ஆகும், சொன்னது நேத்துங்கறதால "வில்"லும் பின்னால போய் "வுட்" ஆகும். "டோல்ட்"னா யார்கிட்டன்னு சொல்லியாகணும். "மை மதர் செட் தட் ஷீ வுட் நாட் டிரிங்க் டீ வித்தவுட் ஷுகர்", இல்லைன்னா "மை மதர் டோல்ட் மீ தட்". ரிப்போர்ட்டட் ஸ்பீச் பாடத்தை இந்த வரியை வச்சே ஆரம்பிங்க. அப்புறம் பாக்டரியில "நாளைக்கு இலை எடுக்க மாட்டோம்"னு சொன்னதை எழுதச் சொல்லுங்க. "நாளைக்கு" எப்படி "தி நெக்ஸ்ட் டே" ஆகுதுன்னு அதுல வரும்.

போயத்துக்கு வருவோம். "அவர் கசுவரினா ட்ரீ" எழுதின தோரு தத் 1877-ல செத்துப்போனப்ப வயசு 21. உங்க தங்கச்சியைவிட நாலஞ்சு வயசுதான் பெரிய பொண்ணு. முதல் வரிகள்ல ஒரு கொடி மலைப்பாம்பு மாதிரி மரத்தைச் சுத்தி ஏறுது. சிமிலி, அதாவது உவமைன்னு எழுதிட்டு நிறுத்திடறாங்க பிள்ளைங்க. இன்னும் மூணு வரி தள்ளிப் படிங்க, வேற மரமா இருந்தா செத்திருக்கும்ங்கற அந்தப் பிடியை இந்த மரம் கழுத்துத் துணி மாதிரி கம்பீரமாப் போட்டுக்குது. பாம்பா இருந்தது துணியா மாறின இடத்தை அவ விரல் வச்சுக் காட்டணும், அங்கதான் அந்த மரம் எப்படிப்பட்டதுன்னு தெரியுது. சவுக்கு பார்த்ததில்லைன்னா பரவாயில்லை. கீழ்த் தோட்டங்கள்ல சில்வர் ஓக் மேல மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதைக் கூட்டிப்போய்க் காட்டிட்டு வந்து சத்தமாப் படிக்க வைங்க. கூட விளையாடி இப்ப உயிரோட இல்லாதவங்களைத் தோரு நினைக்கிற பகுதிக்கு வரும்போது விளக்கம் எதுவும் சொல்லாதீங்க, படிச்சு முடிக்கட்டும்.

அப்புறம் ஆறு வரி போதும், இந்த மரம் அந்தப் பொண்ணுக்கு ஏன் முக்கியம்னு. கைடைத் திறக்காம எழுதினதை அப்படியே இங்க போடுங்க, திருத்தித் தர்றேன். தம்பி சொன்ன பழைய கேள்வித்தாளை ஜனவரிலேர்ந்து ஆரம்பிக்கலாம்.